ஆறாயிரம் பேர் அமரும் மைதானம்

கனடாவின் வினிபெக் நகரில் ப்ளூ பாம்பர்ஸ் அணி, கால்பந்திலிருந்து வேறுபட்ட கனடிய ஃபுட்பால் ஆடும் மைதானத்தில் சுமார் 33,000 பேர் உட்காரலாம். அதே நிர்வாகம் நடத்திய கால்பந்து அணி வேலர் எஃப்சி. அது அங்கே ஆடிய நாட்களில் பத்தில் ஒரு பங்கு இருக்கை நிறைந்தாலே நல்ல கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு பருவம் ஓடிய பிறகு 2025 நவம்பரில் வேலரை மூடிவிட்டார்கள். நாட்டின் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸ் இருக்கிறது. அதன் வாண்டரர்ஸ் மைதானம் நகரின் நடுவில், பொதுப் பூங்காவை ஒட்டி, கழற்றி மாட்டக்கூடிய தற்காலிக இருக்கைகளோடு நிற்பது. மொத்தமே 6,500 பேருக்குத்தான் இடம். 2019இல், அந்த ஊர்க் கால்பந்து அணியின் முதல் பருவத்திலேயே, ஆட்டத்துக்குச் சராசரியாக 6,000 பேர் அளவில் வந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வினிபெக் பெருநகரில் எட்டு லட்சத்துக்கும் மேல். ஹாலிஃபாக்ஸில் ஐந்து லட்சம்கூட இல்லை. 2019இல் இந்த அணிகளோடு தொடங்கிய கனேடியன் பிரீமியர் லீக் நிலைக்குமா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு மைதானங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஊரின் அளவை விட்டுவிட்டு, ஊருக்கும் மைதானத்துக்கும் உள்ள பொருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நிலைக்காது என்பவர்கள் கையில் ஒரு பழைய சான்று உண்டு. 1986 உலகக் கோப்பைக்குக் கனடா முதன்முறையாகத் தகுதி பெற்றது. மெக்சிகோவில் மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. ஆனாலும் தகுதி பெற்றது தந்த உற்சாகத்தில் 1987இல் பிறந்த கனேடியன் சாக்கர் லீக் 1992ஐத் தாண்டவில்லை. வான்கூவர் 86ers தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற லீக் அது. அந்த வான்கூவரும் டொராண்டோவும் அமெரிக்க லீக்குக்குப் போய்விட்டன. மாண்ட்ரியலின் சூப்ரா கலைந்து, இம்பாக்ட் என்ற புது அணி அதே அமெரிக்க லீக்கில் முளைத்தது. மூன்று பெருநகரமும் போன பிறகு எஞ்சியதை வைத்து லீக் நடத்த முடியவில்லை. தூரம்தான் கொன்றது என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெரிய அணிகளுக்குப் போக வேறு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் புதிய லீக் தொடங்கியபோது அந்த மூன்று நகரங்களின் பெரிய அணிகள் ஏற்கெனவே அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் இருந்தன: டொராண்டோ 2007 முதல், வான்கூவர் 2011 முதல், மாண்ட்ரியல் 2012 முதல். இதைப் பலவீனம் என்று எழுதாதவர்கள் குறைவு. எனக்கு இது பலமாகவே தெரிகிறது. ஓடிப்போகக் கூடியவர்கள் முன்பே ஓடிவிட்டார்கள். எஞ்சிய நகரங்கள் அந்தப் பக்கம் போக நினைத்தாலும் நுழைவுக் கட்டணம் எட்டாது. 2023இல் சான் டியேகோ அணிக்காகப் பேசப்பட்ட தொகை 50 கோடி அமெரிக்க டாலர்.

தூரத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. ஹாலிஃபாக்ஸுக்கும் மேற்குக் கரையில் பசிபிக் எஃப்சி ஆடும் லாங்ஃபோர்டுக்கும் கடிகாரத்திலேயே நான்கு மணி நேர வித்தியாசம். வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் ரசிகர்களைக் கூட்டிப் போகும் ஐரோப்பிய வழக்கத்துக்குப் பெரும்பாலான ஊர்களில் வழியே இல்லை. எட்டு அணிகள் 28 ஆட்டம் ஆடுவதால் ஒரே எதிரியை ஒரு பருவத்தில் நான்கு முறை சந்திக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது முறை பார்ப்பவனுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்குமா? குளிரோ தனி விஷயம். 2025 நவம்பர் 9 அன்று ஒட்டாவாவில் நடந்த லீக்கின் இறுதி ஆட்டத்தில் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. கோடுகள் மறைந்தன, ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி மண்வெட்டியால் பனியை வாரித் தள்ளினார்கள். அந்த வெண்மைக்கு நடுவே அட்லெட்டிகோ ஒட்டாவாவின் டேவிட் ரோட்ரிகஸ் உடம்பைத் தலைகீழாக்கிப் பந்தைப் பின்னால் உதைத்துக் கோல் போட்டார். கூடுதல் நேரத்தில் ஒட்டாவா 2–1 என்று கேவல்ரி அணியை வென்றது. லீக்கின் ஏழு ஆண்டுகளில் வேறு எதுவும் உலகம் முழுக்க இப்படிப் பார்க்கப்பட்டதில்லை. ஆனால் அதை விளம்பரமாக எண்ணி மகிழ்வதற்கு முன், கால் ஊன்ற முடியாத தரையில் பட்டம் தீர்மானிக்கப்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும்.

தரம் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு வலு குறைவு. தொடக்கப் பதினொருவரில் ஆறு கனடியர் இருக்க வேண்டும் என்பது விதி. 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டு வீரர்களுக்கு ஒரு பருவத்தில் 2,000 நிமிடம் தர வேண்டும் என்பது 2023இலிருந்து வந்த இன்னொரு விதி. இப்படி விளையாட்டைப் பள்ளிக்கூடம் ஆக்கினால் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்கிறார்கள். ஆனால் 2019இல் கேவல்ரியும் 2021இல் பசிபிக்கும் தேசியக் கோப்பையில் மேஜர் லீக் சாக்கர் அணியான வான்கூவர் வைட்கேப்ஸை வெளியேற்றின. 2025இல் இந்த லீக்கின் வான்கூவர் எஃப்சி, லீக் பட்டியலின் அடியில் தடுமாறியபடியே, அதே கோப்பையின் இறுதிவரை போனது. 2019இல் கேவல்ரியில் ஆடிய ஜோயல் வாட்டர்மன் அடுத்த ஆண்டே மாண்ட்ரியலுக்குப் போனார். 2022 உலகக் கோப்பை அணியிலும் இடம்பிடித்தார். மூன்று பெரிய கிளப்புகளின் பயிற்சிக்கூடங்கள் கண்டுகொள்ளாத ஒரு இளைஞனுக்கு இந்த லீக் வருவதற்கு முன் சொந்த நாட்டில் தொழில்முறைக் கால்பந்துக்கு அநேகமாக வழியே இல்லை. இந்த ஒன்றுக்காகவே லீக் இருக்கலாம்.

ஆனால் பணம் வந்த வழி என்னை உறுத்துகிறது. 2018இல் தேசிய அணிகளின் ஒளிபரப்பு, ஸ்பான்சர் உரிமைகள் கனேடியன் சாக்கர் பிசினஸ் என்ற நிறுவனத்துக்குப் போயின. அதை நடத்தியவர்கள் லீக்கின் முதலாளிகள். நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை கிடைத்தது. அதற்கு மேல் வளர்ந்தது நிறுவனத்துக்குப் போனது. பெண்கள் அணி ஒலிம்பிக் தங்கம் வென்று, ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்று மதிப்பு ஏறியபோது, அந்த ஏற்றம் வீரர்களைச் சேரவில்லை. 2023 பிப்ரவரியில் பெண்கள் அணி பயிற்சியை நிறுத்திப் போராடியது. விவகாரம் நாடாளுமன்றக் குழுவரை போனது. யாரும் சீந்தாத காலத்தில் துணிந்து முதலீடு செய்தோம் என்று முதலாளிகள் சொல்வது பொய்யில்லை. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் லீக்கே பிறந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் பிறர் உழைப்பில் வரும் வருமானம் டிக்கெட் வசூலை நம்பிப் பிழைக்கும் பழக்கத்தை வளர்ப்பதில்லை. எஃப்சி எட்மண்டனுக்கு உரிமையாளர் கிடைக்காமல் 2022இல் லீக்கே அதை நடத்தியது. அந்தப் பருவத்தோடு அணி முடிந்தது. தேசிய அணியின் பணத்தால் ஒரு ஊருக்கு ரசிகர்களை வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

2025இல் ஆறு அணிகளோடு தொடங்கிய பெண்களுக்கான நார்தர்ன் சூப்பர் லீக் இந்தக் கணக்கை மாற்றக்கூடும். ஹாலிஃபாக்ஸின் வாண்டரர்ஸ் மைதானத்தில் இப்போது டைட்ஸ் என்ற பெண்கள் அணியும் ஆடுகிறது. ஒரே புல், ஒரே கடை, ஒரே விளக்கு. செலவு பாதி, ஆட்டநாள் இரட்டிப்பு. மாண்ட்ரியலை ஒட்டிய லவாலில் சுமார் 5,500 பேர் அமரும் போரியால் மைதானம் ரோசஸ் என்ற பெண்கள் அணியின் வீடு. வேலர் விட்டுப்போன எட்டாவது இடத்துக்கு 2026இல் வருவது கியூபெக் வீரர்களையே நம்பி அமைக்கப்படும் ஓர் அணி. அதற்கும் அங்கேதான் வீடு. 1992இல் கலைந்துபோன அதே பெயர்தான் அதற்கும்: சூப்ரா.