எர்ஜே வரலாறும் நடுநிலை எழுத்தும்

ஓர் ஆசிரியர்பால் பேரன்பு பூண்டோர் பலர் ஒன்றுகூடி, அவர்தம் நூல்களையும் கதைமாந்தரையும் அகர நிரலில் தொகுத்துக் களஞ்சியம் அமைத்தல் படக்கதைத் துறையில் பெருக வழங்கும் முறையாகும். ஊதியம் கருதாது உழைக்கும் இவ்வன்பர்தம் தொண்டு பாராட்டற்குரியதே. ஒரு படத்தில் மட்டும் தோன்றி மறையும் கப்பலின் பெயரையும் விடாது குறிக்கும் இவர்கள், ஆசிரியரைப் பற்றிய கட்டுரைக்கு வரும்பொழுது இடர்ப்படுகின்றனர். அவர்மேல் பழியொன்று உண்டெனின், அன்பர் எழுதிய பகுதி குன்றக் கூறலாகவும், வெறுத்தார் பின்னர்ச் சேர்த்த பகுதி மிகைபடக் கூறலாகவும் முடிகின்றன. நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் முதலிரண்டும் ஒரே கட்டுரையின் அடுத்தடுத்த பத்திகளில் நிற்கக் காணலாம். புகழும் பழியும் சம அளவிற் கலக்கப்பெறின் நடுநிலை வாய்த்துவிடும் என்று கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாமையைப் பெல்சிய நாட்டு எர்ஜேயைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

எர்ஜே என்பது புனைபெயர். 1907-இல் பிரசல்சு நகரையடுத்த எத்தர்பேக்கில் பிறந்த சார்ச் ரெமி, தம் பெயரின் முதலெழுத்துகளை முன்பின்னாக மாற்றி அமைத்துக்கொண்டது. இவர் படைத்த இளஞ்செய்தியாளன் டின்டின், கத்தோலிக்கச் சார்புடைய நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் 1929 சனவரி 10-ஆம் நாள் முதன்முதல் தோன்றினான். எர்ஜே 1983-இல் மறைந்தார். முற்றுப்பெற்ற டின்டின் நூல்கள் இருபத்து மூன்று. இவற்றின் கலைச்சிறப்பை இங்கு விரிப்பின் மற்றொன்று விரித்தலாகும்.

இவர்மேல் சுமத்தப்படும் பழிகளுள் தலையாயவை இரண்டு. 1930–31-இல் வெளிவந்த காங்கோக் கதையில் ஆப்பிரிக்க மக்களை அறிவிலிகளாகவும் வெள்ளையரை வணங்கி நிற்பவராகவும் வரைந்தார் என்பது ஒன்று. செருமானியர் பெல்சியத்தைக் கைப்பற்றி ஆண்ட காலத்தில், அவர் கட்டுப்பாட்டிலிருந்த ‘லெ சுவார்’ நாளிதழில் தொடர்ந்து எழுதியதும், அவ்விதழில் யூதரை இழித்துக் காட்டியதும் மற்றொன்று. அன்பர் இவற்றுக்குக் கூறும் விடைகளும் இரண்டே. ‘அக்காலத்து வழக்கம் அது’ என்பர். ‘தொடக்கத்தில் பிழைத்தவர் பின்னர்த் திருந்தினார்’ என்பர். கேட்டற்கு இனிய இவ்விடைகள், கதைகள் வெளிவந்த ஆண்டுகளோடு ஒட்டிப் பார்க்குங்கால் நிற்பனவாக இல்லை.

1934-இல் எர்ஜே சீனக்கதை ஒன்றைத் தொடங்க எண்ணினார். லூவேன் பல்கலைக்கழகத்துச் சீன மாணவர்க்குத் துணையாயிருந்த குருவானவர் ஒருவர், சீனரைக் கேலிப் பொருளாக்க வேண்டா என்று அவருக்கு எழுதினார். அவர்வழியாகப் பிரசல்சில் கலை பயின்ற சாங் சோங்ரென் என்னும் இளைஞர் எர்ஜேயின் நண்பரானார். அந்நட்பின் பயனாகவே ‘நீலத் தாமரை’ பிறந்தது. படங்களிற் காணும் சீன எழுத்துகள் உண்மையானவை. 1931-இல் முக்டன் நகரருகே இருப்புப்பாதை வெடித்த சூழ்ச்சி கதையுள் அமைந்தது. சீனரைப் பற்றி ஐரோப்பியர் கொண்ட பொய்க்கருத்துகளை டின்டினே நகையாடுகின்றான். காங்கோக் கதை முடிந்து மூன்றே ஆண்டுகளில், அதே நாட்டில், அதே இணைப்பிதழில் இது நிகழ்ந்தது. ஆகவே, காலத்தின் வழக்கத்தை மீற ஓவியரால் இயலவில்லை என்பது பொருந்தாது. மீறுதற்கு அவருக்கு வேண்டியிருந்தது அறிந்தார் ஒருவரோடு உரையாடல். அவ்வுரையாடல் ஆப்பிரிக்கர் பொருட்டு நிகழவில்லை. அதே நூலில் சப்பானியரை வரைந்த முறையில் பழைய கேலி அப்படியே நிற்பதும் இதற்குச் சான்றாகும். ‘நீலத் தாமரை’யைப் புகழும் கட்டுரைகள் சப்பானியரின் பல்வரிசையைக் காணாது செல்வது வியப்பே.

இனி, திருந்தினார் என்னும் கூற்று. 1938–39-இல் வந்த ‘ஒட்டோகார் மன்னன் செங்கோல்’ சிறுநாட்டை விழுங்க முயலும் வல்லரசைச் சாடும் கதை. சூழ்ச்சிக்காரனின் பெயர் மூச்ட்லர். முசோலினி, இட்லர் என்னும் இரு பெயரும் அதனுட் கலந்துள்ளன. இத்துணைத் தெளிவோடு எழுதியவர்தாம் 1941 அக்டோபரில் ‘விண்வீழ் மீன்’ கதையை ‘லெ சுவார்’ இதழில் தொடங்கினார். வானிலிருந்து கடலில் விழுந்த கல்லை அடைய இரு கப்பல்கள் போட்டியிடுகின்றன. ஒன்றில் ஐரோப்பிய அறிவியலாளர். மற்றொன்று அமெரிக்கக் கொடி தாங்கியது, புளூமன்சுடைன் என்னும் செல்வன் அனுப்பியது. அவன் பெயரும் மூக்கும் யூதன் என்று காட்ட அமைக்கப்பட்டவை. உலகம் அழியப்போகிறது என்று கேட்ட யூதர் இருவர், கடன் கொடுக்க வேண்டியதில்லை என்று மகிழும் துணுக்கொன்றும் இதழில் வெளிவந்தது. திருந்துதல் ஒருவழிப் பாதையாயின், 1934-க்குப் பின் 1941 வந்திருத்தல் ஆகாது.

இங்குக் கட்டுரையாளர் செய்யவேண்டுவது பழிச்சொல் தேடுதலன்று. நாள்களை அருகருகே வைத்தலாகும். பெல்சியத்தில் யூதர்க்கு எதிரான முதல் ஆணைகள் 1940 அக்டோபரில் பிறந்தன. ‘விண்வீழ் மீன்’ 1942 மே மாதம் முற்றுப்பெற்றது. அம்மாதமே யூதர் மஞ்சள் விண்மீன் அணியவேண்டும் என்னும் ஆணை வந்தது. ஆகசுடு மாதம் மெச்செலன் நகரிலிருந்து ஆசுவிட்சு நோக்கி முதல் தொடர்வண்டி புறப்பட்டது. 1944-க்குள் அவ்விடத்திலிருந்து 25,000-க்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். எர்ஜே இவற்றை ஏவினார் அல்லர். அத்தொடர்வண்டியை அவர் முன்னறிந்தார் என்றும் கூற யாம் துணியோம். ஆயினும் அவ்வாண்டில் அவ்விதழில் அப்படத்தைக் கண்ட பெல்சிய யூதச் சிறுவன் ஒருவனை நினையாது இப்பகுதியை எழுதுதல் முறையன்று.

பழிப்பாரும் சான்றில் வழுவுகின்றனர். எர்ஜே நாட்டுப்பகைவர் எனத் தண்டிக்கப்பெற்றார் என்பது பிழை. 1944 செப்டம்பரில் பிரசல்சு விடுதலை பெற்றபின் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிடித்து வைக்கப்பட்டார், எழுதவும் தடைப்பட்டார், ஆனால் வழக்குத் தொடுக்கப்படவில்லை. எதிர்ப்பியக்கத்தில் உழைத்த ரேமோன் லெப்லான் துணைநிற்க, 1946-இல் ‘டின்டின்’ வார இதழ் தோன்றியது. அவ்வாறே, பெல்சியப் பாசிசத் தலைவர் தெக்ரெல் பிற்காலத்தில் தாமே டின்டினுக்கு முன்மாதிரி என்று கூறிக்கொண்டதைச் சிலர் மெய்ச்செய்தியாக எழுதுகின்றனர். தெக்ரெலின் நூல் ஒன்றுக்கு எர்ஜே படம் வரைந்தது உண்மை. அதனை எழுதலாம், எழுதவும் வேண்டும். தற்புகழ்ச்சி வேண்டினார் ஒருவர் கூற்றைச் சான்றாக்குதல் வேறு.

இவ்வழக்கில் யாம் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது பாட வேறுபாடு. ஓலைச் சுவடிகளை ஒப்பிட்டுப் பிரதிபேதம் குறித்துப் பதிப்பித்த உ. வே. சாமிநாத ஐயர் மரபில் பயின்றார்க்கு இது புதிதன்று. காங்கோக் கதையின் 1931-ஆம் ஆண்டுப் பதிப்பில், டின்டின் ஆப்பிரிக்கச் சிறுவர்க்கு அவர்தம் தாய்நாடாகிய பெல்சியத்தைப் பற்றிப் பாடம் நடத்துகின்றான். 1946-இல் வண்ணம் தீட்டி மீள வரைந்த பதிப்பில் அது கணக்குப் பாடமாயிற்று. மக்களின் முகங்களோ மாறவில்லை. காண்டாமிருகத்தை வெடிவைத்துக் கொல்லும் காட்சி 1975-இல் சுகாந்திநேவியப் பதிப்பிற்காக நீக்கப்பட்டது. விலங்கின் பொருட்டுச் செய்த திருத்தம் மனிதர் முகத்தின் பொருட்டுச் செய்யப்படாமை குறிக்கத்தக்கது. கடன் பற்றிய யூதத் துணுக்கு 1942-ஆம் ஆண்டு நூல்வடிவிலேயே இல்லை. புளூமன்சுடைன் 1954-ஆம் ஆண்டுப் பதிப்பில் போல்விங்கல் ஆனான். அமெரிக்கா சாவோ ரிக்கோ என்னும் கற்பனை நாடாயிற்று. போல்விங்கல் என்பது பிரசல்சு வழக்கில் இனிப்புக் கடையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. அதுவும் உண்மையில் யூதர் சிலர்தம் குடிப்பெயரே என்பது பின்னர்த் தெரியவந்தது. அவ்வாறாயின் ‘அக்கதையில் அப்படி ஏதும் இல்லை’ என்று வாதிடுவாரும், ‘உண்டு’ என்பாரும் வெவ்வேறு பதிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பூசலிடுகின்றனர். எந்த ஆண்டுப் பதிப்பு என்று கூறாத பாராட்டும் பழியும் களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கன அல்ல.

நுமா சதூலுடன் நிகழ்த்தி 1975-இல் நூலாக வெளிவந்த உரையாடலில், தாம் வளர்ந்த சூழலின் முற்சாய்வுகளே அம்முதற் கதைகளை ஊட்டின என்று எர்ஜே ஒப்புகின்றார். அன்பர்தம் ‘அக்கால வழக்கம்’ என்னும் விடைக்கு ஊற்று இதுவே. இதனை அவர் கூற்றாகத் தரலாம். கட்டுரையின் முடிபாகத் தருதல் கூடாது. 2007-இல் பெல்சியத்தில் வாழ்ந்த காங்கோ நாட்டினர் ஒருவர் அந்நூலின் விற்பனையைத் தடுக்க வழக்காடினார். 2012-இல் பிரசல்சு நீதிமன்றங்கள் அதனைத் தள்ளின. இன வெறுப்பைத் தூண்டும் கருத்து ஆசிரியர்க்கு இருந்ததாக மன்றம் கொள்ளவில்லை. இத்தீர்ப்பைப் பெருவெற்றியாக எழுதுவாருளர். மன்றம் ஆராய்ந்தது சட்டத்தின் தடையை. முகங்களைக் கண்டு வருந்தியவர் பொய்யாக வருந்தினார் என்று அது கூறிற்றில்லை. அவர் வழக்குத் தொடுத்தமைக்குக் காரணத்தையும் தீர்ப்போடு சேர்த்து எழுதுதலே முறை.

கதைமாந்தர் வரிசையில் அச்செல்வனை எப்பெயரின்கீழ் வைப்பது என்பது எஞ்சிய வினா. இக்காலப் பதிப்புகளில் உள்ள பெயர் போல்விங்கல். அதனையே தலைப்பாக்கி, பழைய பெயரை அடியிற் சிறு குறிப்பாக ஒதுக்குதல் எளிது. யாம் இரு பெயர்களையும் தலைப்பிலேயே தரவேண்டும் என்போம். 1941-ஆம் ஆண்டுப் பெயரை முன்னும், 1954-ஆம் ஆண்டுப் பெயரைப் பின்னும், ஆண்டுகளுடன்.