ஜெர்மேனிய மோகமும் கிடார் ஒலியும்

கிடாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் 'ஃபஸ்' கருவியை வீட்டிலேயே அமைக்க விரும்பும் மாணவர்களுக்குத் தரப்படும் குறிப்புகளில் ஓர் அறிவுரை தவறாமல் இடம்பெறும்: ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரையே போடுங்கள், பெருக்கம் 100 இருந்தால் போதும். இதில் பாதி உண்மை. மறுபாதி மாணவரின் பணத்தை வீணாக்குவது.

1966-இல் லண்டன் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' கருவியில் என்.கே.டி. 275 என்ற இரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றுக்கு ஈடாக நம்மவர் தேடுவது, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முன்பு தயாரித்த ஏசி 128. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கி, மல்டிமீட்டர் 150 காட்டியதும் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த 150 பொய்க் கணக்கு. ஜெர்மேனியத்தின் ஆற்றல் இடைவெளி 0.67 எலெக்ட்ரான் வோல்ட், சிலிக்கனுக்கோ 1.12. இடைவெளி குறுகியதால், அறை வெப்பத்திலேயே கசிவு மின்னோட்டம் பாய்கிறது. மீட்டர் அதையும் பெருக்கமாகவே எண்ணுகிறது.

நீங்களே சோதிக்கலாம். உமிழ்ப்பானை 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனையிலும், ஏற்பானை 2.2 கிலோ ஓம் தடை வழியாக எதிர்முனையிலும் இணையுங்கள். அடிவாயை எதிலும் இணைக்காமல் தடையின் குறுக்கே அளந்தால் 0.44 வோல்ட் வருகிறது என்று கொள்வோம், கசிவு 0.2 மில்லி ஆம்பியர். இனி அடிவாயை 2.2 மெகா ஓம் வழியாக எதிர்முனையில் இணைத்தால் 4 மைக்ரோ ஆம்பியர் பாயும். அப்போது 1.32 வோல்ட் காட்டினால், கசிவைக் கழித்தபின் உண்மைப் பெருக்கம் 100 மட்டுமே.

கசிவு ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். 20 டிகிரிக் குளிரில் சரிசெய்த கருவி, தருமபுரியின் 40 டிகிரி வெயிலில் நான்கு மடங்கு கசியும், ஒலி திக்கும்.

ஜெர்மேனியத்தின் 0.3 வோல்ட்தான் இனிமைக்குக் காரணம் என்பதும் பொருந்தாது. அது டையோடுகளால் அலையை வெட்டும் சுற்றுகளுக்கான விளக்கம். இங்கே அலையை வெட்டுவது ஏற்பானின் மின்னழுத்தம் தன் எல்லைகளை முட்டுவது. ஆகவே பெருக்கமும் இயக்கப் புள்ளியுமே முக்கியம்.

எனவே முதலில் பி.சி. 108 சிலிக்கன் போட்டுப் பாருங்கள். பிற்கால ஃபஸ் ஃபேஸ்களிலும் அதுவே இருந்தது. அது என்.பி.என். வகை என்பதால் பாட்டரியையும் மின்பகு மின்தேக்கிகளையும் திருப்பி இணைக்க வேண்டும். இரண்டாம் டிரான்சிஸ்டரின் 8.2 கிலோ ஓம் தடைக்குப் பதில் 10 கிலோ ஓம் பிரீசெட் வைத்து, ஏற்பானில் சுமார் 4.5 வோல்ட் வரத் திருகுங்கள். ஒலி காதைக் குத்தினால் அப்போது ஜெர்மேனியத்தைத் தேடலாம். கசிவை அளக்க அனுமதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.