0.0025 சதவீதம்: ஒரு சாதனை எண்ணை எப்படிப் படிப்பது?

கார்பன் நானோகுழாய் கலந்த பாலிமர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே சந்திக்கும் எண் ஒன்று உண்டு: எடையில் 0.0025 சதவீதம். சாண்ட்லர், விண்டில் முதலானோர் 2003-இல் 'பாலிமர்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் வரும் எண் அது. ஒரு கிலோ எப்பாக்சிக்கு வெறும் 25 மில்லிகிராம் குழாய். அவ்வளவு கலந்தாலே மின்சாரம் கடத்தாத பிசின் கடத்த ஆரம்பித்துவிடுகிறது. இந்த எல்லையைத்தான் பெர்கோலேஷன் வாசல் என்கிறோம்.

கட்டுரை நல்ல கட்டுரை, அதில் சந்தேகமே இல்லை. நேராக வளர்த்த குழாய், சிக்கலான குழாய், கார்பன் கரி மூன்றையும் ஒரே எப்பாக்சியில், ஒரே செய்முறையில் ஒப்பிட்டார்கள். என் குறை, பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணைப் படித்த விதத்தில்தான். "வாசல் குறைவு, ஆகவே குழாய்கள் நன்றாகப் பரவியிருக்கின்றன" என்ற வாக்கியத்தை எத்தனையோ ஆய்வுரைகளில் பார்த்துவிட்டேன். இது சரியா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குச்சிகளைத் தாறுமாறாக, ஒன்றையொன்று ஈர்க்காமல் தூவினால், அவை தொடர்சங்கிலியாக இணையத் தேவையான கன அளவு, தோராயமாக விட்டத்தை நீளத்தால் வகுத்து 0.7-ஆல் பெருக்கினால் வரும். நீளம் விட்டத்தைப் போல 1000 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.07 சதவீதம் வருகிறது. எடைக்கு மாற்றினால் சுமார் 0.1 சதவீதம். அளந்த எண்ணோ இதில் நாற்பதில் ஒரு பங்கு! சீராகப் பரவிய குச்சிகளால் இவ்வளவு கீழே போக முடியாது.

அப்போ என்னதான் நடக்குது? பிசின் இறுகுவதற்கு முன், திரவமாக இருக்கும்போதே குழாய்கள் நகர்ந்து, ஒன்றையொன்று ஈர்த்து, மெல்லிய கொத்துகளாகச் சேர்ந்து வலை பின்னிவிடுகின்றன. கோவாச்சும் சகாக்களும் 2007-இல் இதையே பிரித்துக் காட்டினார்கள்: நானோகுழாய்–எப்பாக்சி கலவையில் வாசல் ஒன்றல்ல, இரண்டு. குழாய்கள் நகர்ந்து சேர்வதால் வருவது கீழ்வாசல். புள்ளியியல் சொல்வது மேல்வாசல். ஆக, மிகக் குறைந்த வாசல் நல்ல பரவலுக்குச் சான்று இல்லை. பெரும்பாலும் அது மறுபடி திரண்டதற்கான சான்று. கலக்கிய வேகம், வெப்பநிலை, இறுக எடுத்த நேரம் எல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன.

இரண்டாவது பிரச்னை, வாசலைத் தாண்டிய பிறகு என்ன கிடைக்கிறது என்பது. தனிக் குழாயின் கடத்துதிறன் மீட்டருக்கு லட்சம் சீமென்ஸையும் தாண்டும். ஆனால் ஒரு சதவீதம் கலந்த எப்பாக்சி சில சீமென்ஸை எட்டினாலே பெரிய விஷயம். மீதி எங்கே போச்சு? குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில். நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் பாலிமர் படலம் இருக்கிறது. எலக்ட்ரான் அதைச் சுரங்கப்பாய்ச்சல் மூலம்தான் தாண்ட வேண்டும். படலம் கொஞ்சம் தடித்தாலும் மின்தடை பல மடங்கு எகிறிவிடும். வாசலைக் குறைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியாவது இந்தச் சந்திப்புகள்மேல் காட்டியிருக்கலாம்.

நடைமுறையில் இது ஏன் முக்கியம்? நிலைமின்சாரம் சேரக் கூடாத எரிபொருள் குழாய்க்கோ சில்லு வைக்கும் தட்டுக்கோ இந்தப் பொருள் போகிறது. வாசலுக்குப் பக்கத்தில் நின்றால், அச்சில் உருக்கி ஊற்றும் வேகம் மாறினாலே வலை அறுந்து, கடத்துதிறன் பல பத்து மடங்கு விழலாம். நானோகுழாய் கலந்த பாலிகார்பனேட்டை உருகுநிலையில் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால், அறுந்த வலை திரும்பப் பின்னிக்கொள்வதையும் அளந்திருக்கிறார்கள். கலவையில் ஒரு துளியும் மாறாமலே எண் மாறுகிறது, பாருங்க. நம்பகமாக வேலை செய்ய வேண்டிய பாகம் வாசலிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் நிற்க வேண்டும். அங்கே சாதனை எண்ணுக்கு வேலை குறைவு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. சுருக்கத்தில் வாசல் எண்ணைப் பார்த்ததும் வரைபடத்துக்குப் போங்க. வாசலுக்கு அருகே எத்தனை அளவீட்டுப் புள்ளிகள் இருக்கு என்று எண்ணுங்க. மூன்றோ நான்கோ இருந்தால், அந்த எண் அளந்தது இல்லை, கோடு பொருத்தி ஊகித்தது. அப்புறம் செய்முறைப் பகுதியில் கலக்கிய வேகமும் இறுகிய வெப்பநிலையும் இருக்கா என்று தேடுங்க. இரண்டும் இல்லாவிட்டால் அந்த எண்ணை வேறு கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம்.