காரின் மூக்கு

சைலன்சர் குழாயின் தொடக்கத்தில் கட்டைவிரல் பருமனில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் காரின் மூக்கு. 1976-ல் பாஷ் நிறுவனம் தயாரித்தது. முதலில் வால்வோ கார்களில் ஏறியது. உள்ளே சிர்கோனியா பீங்கான். ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் அதற்கு உயிர் வரும்.

செக் என்ஜின் விளக்கு எரிந்ததும், ஸ்கேனர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி சென்சாரையே மாற்றிவிடுபவர்கள் உண்டு. தேர்ந்த மெக்கானிக் அவசரப்படமாட்டார். என்ஜினைச் சூடாக்கி, திரையில் ஓடும் வோல்டேஜ் கோட்டைப் பார்ப்பார். நல்ல சென்சாரில் அது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். பார்க்கவே அழகு! வயதான சென்சாரில் அதே கோடு சோம்பி நெளியும்.

கோடு கீழேயே படுத்துக் கிடந்தால், அதாவது காற்று மிகுதி என்று காட்டினால்? அங்கேதான் கைத்திறன். காற்று போகும் வழியில் துளி புரொப்பேன் வாயு விடுவார். கோடு சட்டென்று மேலே தாவினால் சென்சார்மேல் பழியில்லை. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலே போதும், வெளிக்காற்று புகுந்து மூக்கை ஏமாற்றிவிடும்.

கழற்றிய சென்சாரின் நுனியும் பேசும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. வெள்ளை பூத்திருந்தால், கூலன்ட் கசிகிறதோ என்று ஹெட் கேஸ்கெட் பக்கம் டார்ச்சைத் திருப்புவார்.