கூரை ஏறி இறங்கும் மண்டபம்

கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபம் 1998 ஆகஸ்டு 17 அன்று, கீஸ் பாக்கெல்ஸ் நடத்திய மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கச்சேரியோடு திறந்தது. சீசர் பெல்லியின் இரட்டைக் கோபுரத்துக்கு அடியில், முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலத்தில் அது இருக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டாது. அந்தச் சிறிய அளவே அதன் பாக்கியம்.

வியன்னாவின் மியூசிக்ஃபெராயின் போல இதுவும் நீள்சதுர மண்டபம். மேடைக்குப் பின்னால் நிற்கும் கிளாய்ஸ் நிறுவனத்தின் குழாய் ஆர்கனைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கும் மேலே உள்ள கூரையை. அதன் பலகைகள் ஏறி இறங்கும். உயர்த்தினால் அறையின் கொள்ளளவு கூடி, கார்வை, அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம், நீளும். மாலரின் சிம்பொனிகளுக்கு அது வேண்டும். பெரிய இசைக்குழுவுக்குக் கார்வை சுமார் 2 நொடி இருந்தால் சுகம்; பேச்சுக்கு 1 நொடியே அதிகம். பலகையைத் தாழ்த்திவிட்டு நால்வர் மட்டும் வாசிக்கும்போது, வில் தந்தியைத் தொடும் உரசல்கூடத் தனியாகக் கேட்கும். மைக் கிடையாது.

உடைக் கட்டுப்பாடு உள்ள இடம் மேட்டுக்குடிக்கானது என்பார்கள். நீள்கை பாத்திக் சட்டை போதும் என்ற ஊரில் அது பெரிய தடையல்ல. புக்கிட் ஜாலில் அரங்கில் சினிமாப் பாடகருக்குக் கூடும் கூட்டம் இங்கே வராததற்குக் காரணம் உடையல்ல, பழக்கம். சிரம்பானை அடுத்த செண்டாயானில் இருக்கும் ரசிகருக்கு உண்மையான தொல்லை தூரம்தான்: சிரம்பானில் கொம்யூட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி மாற வேண்டும். இரவுக் கச்சேரி என்றால் கடைசி ரயில் கவலை வேறு. ஞாயிறு பிற்பகல் கச்சேரியே தோது.

கார்வைச் சிக்கல் நம் இசைக்கும் உண்டு. தோட்டங்கள் இருந்தவரை கோயில் திருவிழா நாகஸ்வரத்துக்கு வெட்டவெளியே அரங்கம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீடுவரை மைக் இல்லாமல் கேட்டது. தோட்டங்கள் பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற குடியிருப்புகளாகிவிட்ட காலத்தில் விழாக்கள் பல்நோக்கு மண்டபத்துக்குள் வந்துவிட்டன. பளிங்குத் தரை, தகரக் கூரை, வெறுஞ்சுவர். தவிலின் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் விழுகிறது. தனி ஆவர்த்தனம் வெறும் இரைச்சலாகிறது.

ஏறி இறங்கும் கூரை எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது. சுவரில் துளையிட்ட மரப்பலகையும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் கட்டுப்படியாகும். ஆனால், மண்டபக் குழுவின் கையில் பணம் சேர்ந்தால் முதலில் வாங்குவது இன்னும் பெரிய ஒலிபெருக்கி.