சுப்ரமணியபுரம்: யாருடைய துரோகம்?

சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. 1980-ஆம் வருஷத்து மதுரையைத் தாடி, பெல்பாட்டம், சவுண்ட் சர்வீஸ் சகிதம் எழுப்பிக் காட்டியதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. இந்தப் பாராட்டுகளுக்குள் ஒரு கேள்வி அமுங்கிப் போய்விட்டது. வேலைவெட்டி இல்லாத பையன்கள் ஆளாகிற கதை கடைசியில் ஏன் துரோகத்தின் கதையாக முடிகிறது? ஓசூரில் இருந்துகொண்டு படத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது கூடுதலாகவே உறுத்தும்.

படம் நடக்கிற அதே 1980-இல்தான் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளியே வந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே வருஷம். டிவிஎஸ் மதுரையில் முளைத்த கம்பெனி, 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கியது. மதுரை மூலதனம் கர்நாடக எல்லைக்கு வந்து சேர்ந்த நேரத்தில், அழகரும் பரமனும் காசியும் முன்னாள் கவுன்சிலர் வீட்டெதிரே பொழுதைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வரலாறு படத்துக்குள் 'சும்மா சுத்துற பசங்க' என்கிற சுபாவமாகச் சுருங்கிவிடுகிறது.

வேலையின்மை எங்கிருந்து வந்தது என்று படம் கேட்கவில்லை. அது யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கச்சிதமாகக் காட்டுகிறது. அண்ணனுக்கு மாவட்டச் செயலாளர் பதவி கிடைக்காததும் கனகு இவர்களை வைத்துக் கொலையை முடிக்கிறான். உள்ளே போனவர்களை ஜாமீனில் எடுக்கக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. கொலை இங்கே வீரமில்லை, கூலி வராத வேலை. படத்தின் பலம் இதுதான்.

சறுக்கல் துளசியிடம். முதல் பாதியில் அவள் ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, இளையராஜாவின் பழைய பாட்டுக்கு ஒரு முகம். கடைசியில் அழகரைக் கத்திகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துகிற தூண்டில். பின்னால் காசி பணத்துக்காகப் பரமனைக் காட்டிக் கொடுக்கிறான். இரண்டையும் படம் ஒரே பட்டியில் அடைக்கிறது. காசு வாங்கியவனும் குடும்பத்தின் பிடியில் அழுதுகொண்டு நின்றவளும் ஒன்றா? 'பொம்பளைய நம்பாதடா' என்று சொல்லிக்கொண்டு பார்வையாளன் வீட்டுக்குப் போக எல்லா வசதியும் செய்து தரப்பட்டிருக்கிறது.

இது சசிகுமார் ஒருவரின் பிரச்சினை அல்ல, மொழியிலேயே இருக்கிறது. பையன் 'ஆளாயிட்டான்' என்றால் சம்பாதிக்கிறான், நாலு பேருக்குத் தெரிந்தவன் ஆகிவிட்டான். பெண் 'ஆளாயிட்டா' என்றால் வயசுக்கு வந்துவிட்டாள், இனி காவல். ஒரே சொல் அவனைத் தெருவுக்கு அனுப்புகிறது, அவளை வீட்டுக்குள் நிறுத்துகிறது. நம் சினிமாவின் கதையாடல் தெருவில் நிற்கிறவனை மட்டும் பின்தொடர்கிறது. வீட்டுக்குள் அவளுக்கு என்ன நடந்தது என்பதில் அதற்கு அக்கறையில்லை.

நடந்ததைப் பார்ப்போம். 2018 நவம்பரில் ஓசூர்ப் பகுதியைச் சேர்ந்த இளம் தம்பதி, தலித் இளைஞனும் சாதி இந்துப் பெண்ணும், கடத்திக் கொல்லப்பட்டுக் காவிரியில் எறியப்பட்டார்கள். உடல்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் கிடைத்தன. கைதானவர்கள் பெண்ணின் தகப்பனும் உறவினர்களும். இங்கே அவள் யாருக்கும் தூண்டிலாகவில்லை. தான் கட்டிக்கொண்டவனோடு சேர்ந்து செத்தாள். 'மாட்டேன்' என்று துளசி சொல்லியிருந்தால் என்ன விலை கொடுத்திருப்பாள் என்று படம் கேட்காத கேள்விக்கு இந்த ஊர் பதில் வைத்திருக்கிறது. சாதியும் குடும்பமும் செய்கிற வேலையைப் பெண்ணின் துரோகம் என்று பெயர் மாற்றிச் சொல்கிற ஒவ்வொரு படமும் கொலைகாரர்களுக்கு ஒரு சமாதானத்தைக் கொடுக்கிறது.

இன்றைக்கு ஓசூரில் ஆளாகிறவள் வேறு மாதிரி. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஹாஸ்டல், ஷிஃப்ட் பஸ், முதல் சம்பளம், ராத்திரி வீட்டிலிருந்து போன்: "இவ்வளவு நேரம் யாரோட பேசிட்டிருந்தே?" ஒரு திரில்லருக்கு வேண்டிய அச்சம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கேமராவை அவள் பக்கம் திருப்பி வைத்து எடுக்கிற படம் வரட்டும். துளசியையும் அப்போது மறுபடி விசாரிக்கலாம்.