போதிகையில் தொங்கும் மொட்டு

ஆனைக்குட்டத்தில் எங்கள் சித்தி மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தால், சட்டத்தில் தீக்குச்சி அடுக்கின மாதிரி இருக்கும். ஒரு புள்ளி விலகாது. தீப்பெட்டி ஆபீசில் பழகிய கை, வாசலுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுமா?

அக்கா மகன் தென் ஸ்பெயினிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்ததும் சித்தி ஞாபகம்தான் வந்தது. மலாகா பக்கத்து மலையூர். ஆர்ச்செஸ் என்று பெயர். வெள்ளையடித்த வீடுகளுக்கு நடுவே ஒரு செங்கல் கோபுரம். முஸ்லிம்களான மூர்கள் ஆண்ட காலத்தில் பாங்கு ஒலித்த மினாரா, இன்று தேவாலயத்தின் மணிக்கூண்டு. அதன் சுவரில் செங்கல்லாலேயே பின்னிய சாய்சதுர வலை. “நம்ம கோலம் மாதிரி இல்ல, மாமா?” என்று கேட்டிருந்தான். அந்தக் கைவேலையைக் கிறிஸ்தவ மன்னர்களும் விட மனமில்லாமல் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். செவில் நகரில் 1364இல் பெத்ரோ மன்னர் எழுப்பிய அரண்மனையில் முஸ்லிம் கைவினைஞர்களின் வேலைதான் கண்ணைப் பறிக்கிறது. முதேஹர் பாணி என்பார்கள்.

ஆர்ச்செஸ் நமக்கு எங்கே எட்டப்போகிறது? கீழக்கரை எட்டும். அருப்புக்கோட்டை, ராமநாதபுரம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். மலை கிடையாது, கடல் உண்டு.

அங்கே ஜும்மா பள்ளியில் இந்தக் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்து வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பள்ளி அது. தொழுகை மரைக்காயர்களுடையது, உளி மட்டும் கோயில் உளி. உள்ளே நின்றால் மண்டபம்தான்: கல்தூண், கல் உத்தரம், கல்பாவிய கூரை. தூணின் சதுரத்தில் யாளியைத் தேடிப் பழகிய கண், பூவையும் கொடியையும் கண்டு ஒரு கணம் தடுமாறுகிறது. உருவம் கூடாது என்றதும் சிற்பிக்குக் கை ஓடாமல் போகவில்லை. விட்ட இடத்தை இட்டு நிரப்பவும் அவன் அவசரப்படவில்லை. வெற்றுக் கல்லைப் பல இடங்களில் வெற்றாகவே விட்டிருக்கிறான். எனக்கு அந்த அடக்கம்தான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

தூண் உச்சியில் போதிகை. அதன் நுனியில் வாழைப்பூ போலக் கவிழ்ந்த மொட்டு. மீனாட்சி கோயிலில் ஆயிரம் முறை அண்ணாந்து பார்த்த அதே மொட்டு! அங்கே தெய்வங்களுக்கும் யாளிகளுக்கும் நடுவே அது கூட்டத்தில் ஒன்று. இங்கே கண் போய் நிற்க அதுவே போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்று. கிழக்கு பார்த்த சந்நிதியில் கும்பிடுகிறவர் மேற்கு நோக்கி நிற்பார். மக்கா நமக்கு மேற்கே என்பதால் இங்கே தொழுகை வரிசையும் அந்தப் பக்கம்தான். திசை சிற்பிக்குப் புதிதாக இருந்திருக்காது.

போகிறவர்கள் வெள்ளி நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, முதலில் அண்ணாந்து பாருங்கள்.